பாகம் கேட்கும் உரிமை



பழைய மாளிகைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாகப் பர்மா தேக்கில் ஆரம்பித்து, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சில் கொஞ்சம் நின்று, கடைசியில் “அந்தக் காலம் போல் வருமா” என்று முடிப்பார்கள். எனக்கு அந்த வித்தை வராது. நான் உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குகளோடு தலை நரைத்தவன். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என் கண் தூணுக்குப் போவதில்லை. நடு முற்றத்தில் புதிதாக ஒரு சுவர் எழும்பியிருக்கிறதா, மாடிப்படி யார் பக்கம் இருக்கிறது, வாசலில் எத்தனை மின்சார மீட்டர் தொங்குகிறது என்றுதான் போகும்.

இத்தனை காலத்தில் எனக்குப் பட்டது ஒன்றே ஒன்று. பெரிய வீட்டின் ஆயுளை அதைக் கட்டிய கொத்தனார் நிர்ணயிப்பதில்லை. “என் பாகத்தைப் பிரித்துக் கொடு” என்று கேட்கும் உரிமை எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதுதான் நிர்ணயிக்கிறது. அந்த உரிமை ஒருவருக்குமே இல்லாத வீடு ஒரு விதமாக வாழ்கிறது. பெண்களுக்கு மட்டும் இருக்கும் வீடு வேறு விதமாக வாழ்கிறது. பிறந்த எல்லாருக்கும் இருக்கும் வீட்டின் கதை இன்னொன்று. இந்த மூன்று விதத்தையும் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டாம். தூத்துக்குடியில் காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் மூன்றையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

வீட்டுக்கு முன்னால் கடலைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கரையில் முதலில் பங்கு போட்டது நிலத்தை அல்ல, கடலை. முத்துக்குளிப்பில் ஒரு கல் என்றால் ஒரு குளியாளி. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு அவன் இறங்குவான். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முண்டக்கு நிற்பான். எந்தப் பெரிய மனிதருக்கு எத்தனை கல் வரியில்லாமல் விடப்படும் என்பது அந்தக் காலத்தில் எழுதி வைக்கப்பட்ட உரிமை. டச்சுக்காரர் காலத்துக் கணக்கில் மதுரை நாயக்கருக்கு 96½ கல், இராமநாதபுரம் சேதுபதிக்கு 60 கல் என்று வருகிறது. அரைக் கல் எப்படிக் குளிக்கும் என்று கேட்காதீர்கள். பங்கு என்று வந்துவிட்டால் அரையும் காலும் வரத்தான் செய்யும். பட்டங்கட்டிகள் என்ற பரதவ ஊர்த்தலைவர்களுக்கும், முஸ்லிம் தலைவர்களுக்கும், கோயில்களுக்கும் தனித்தனியே உரிமை இருந்தது. இந்த உரிமைகள் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கின. கடலடியில் கிடக்கும் சிப்பியை, அது பிடிபடும் முன்பே, பிறக்காத பேரனுக்கு எழுதி வைத்த கரை இது.

அந்த உரிமைகளில் தலையானது பரதவர்களின் சாதித் தலைவருக்கு இருந்தது. பாண்டியபதி என்று மக்கள் அழைத்த அந்தப் பதவி பரம்பரையாக இறங்கியது. 1530களில் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்ற பிறகும் அந்தத் தலைமை அழியவில்லை. போர்த்துக்கீசியர் அதை ஏற்றார்கள். 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் மதத்தில் அவர்களோடு முட்டிக்கொண்டாலும் முத்துக்காக அந்தத் தலைமையை விட்டுவைத்தார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயரும் முத்துக்குளிப்பில் அவருக்கு ஒரு பங்கை ஒத்துக்கொண்டார்கள். பனிமய மாதாவின் பொன் தேரை 1806இல் செய்து கொடுத்தவர் இந்த வரிசையில் வந்த தொன் கபிரியேல்தான். தேர் ஓடும் ஆண்டில் ஆகஸ்ட் 5ஆம் தேதி இந்த ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பதவியும் மாளிகையும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததைக் கவனியுங்கள். பாண்டியபதி வாழும் வீடு அவர் வீடு மட்டுமல்ல. அங்கே வழக்குத் தீர்ப்பார்கள், ஊர்க் கூட்டம் நடக்கும், முத்துக்குளிப்புக்கு ஆள் திரட்டுவார்கள். தலைமைக்கு உரியவர் ஒருவர்தான் என்பதால் அந்த வீட்டை எட்டாக வெட்டு என்று தம்பிகள் கேட்க முடியாது. நாற்காலியைப் பாகம் பிரிக்க முடியாதல்லவா?

ஆனால் அந்த நாற்காலியைத் தாங்கியது கடல். கடலோ பொய்க்கும். சிப்பிப் படுகைகள் தொடர்ந்து விளைவதில்லை. 1822இல் குளிப்பு, 1830இல் குளிப்பு, பிறகு நீண்ட வறட்சி. 1860களின் தொடக்கத்தில் கொஞ்சம் விளைந்து, 1862க்குப் பிறகு 1889 வரை சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. வருமானத்துக்கு இத்தனை ஆண்டு இடைவெளி விழுந்தால் எந்த மாளிகையின் ஓடு தாங்கும்? அரசாங்கம் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டு குளியாளிக்கு ஒரு பங்கு கொடுத்த கணக்கெல்லாம் குளிப்பு நடந்தால்தான். கடைசிக் குளிப்பு 1955இல் தொடங்கி 1961இல் முடிந்தது. இன்று இருக்கும் தலைமுறைக்கு முத்துக்குளிப்பு என்பது தாத்தா சொன்ன கதை. ஜோ டி குரூஸ் எழுதிய ‘கொற்கை’ நாவல் இந்த உலகம் கரைந்ததைச் சொல்கிறது. படிக்காதவர்கள் படியுங்கள், நான் சொல்வதைவிட அது நன்றாக இருக்கும்.

கடல் கைவிட்ட அதே காலத்தில் சட்டம் வாசலைத் தட்டியது. இது பலரும் கவனிக்காத செய்தி. கிறிஸ்தவராக மாறிய குடும்பத்துக்கு எந்த வாரிசுச் சட்டம்? நம் பக்கத்தில் நெடுங்காலம் ஊர் வழக்கமே நடந்தது. ஆண் பிள்ளைகள் சொத்தை எடுத்துக்கொள்வார்கள். பெண்ணுக்கு நகையும் சீதனமும். இந்தக் கேள்வி பெல்லாரியிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஆபிரகாம் குடும்ப வழக்கு என்று பெயர். மத்தேயு ஆபிரகாம் என்பவர் சாராயக் காண்டிராக்ட் முதலான தொழிலில் பெரும் பணம் சேர்த்துவிட்டு 1842இல் இறந்தார். அவர் தம்பி பிரான்சிஸ், “நாங்கள் கூட்டுக் குடும்பம், எனக்குப் பாதி” என்றார். விதவையான சார்லட், “நாங்கள் கிறிஸ்தவர்கள், கூட்டுக் குடும்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை” என்றார். 1863இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறியவர் பழைய சட்டத்தை வைத்துக்கொள்ளலாம், விட்டும் விடலாம், குடும்பம் எப்படி நடந்துகொண்டது என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றது கவுன்சில். சார்லட் பக்கம் ஜெயித்தது.

இரண்டே வருடத்தில், 1865இல், வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதன் இன்றைய வடிவம் 1925ஆம் ஆண்டுச் சட்டம். உயில் எழுதாமல் ஒரு கிறிஸ்தவர் இறந்தால் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமம். ஆண், பெண் பேதமில்லை. அந்தச் சட்டத்தில் 49ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. தகப்பன் உயிரோடு இருந்தபோது ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்குக் கணக்கில் கழிக்கக் கூடாது என்கிறது அது. “அக்காவுக்கு நூறு பவுன் போட்டாச்சு, வீட்டிலே என்ன பங்கு?” என்று தம்பி கேட்பது வீட்டுத் திண்ணையில் எடுபடும்; கோர்ட்டில் எடுபடாது. இதைக் கேட்டு வாதியின் முகமும் பிரதிவாதியின் முகமும் ஒரே நொடியில் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தெற்கே கன்னியாகுமரி பக்கம் போனால் இதே கடல், இதே வலை, இதே ஜெபமாலை. சட்டம் மட்டும் வேறாக இருந்தது. அது அப்போது திருவிதாங்கூர். அங்கே 1916ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது. ஐயாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு பிறந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தபடி போன பெண்களைப் பற்றி யாரும் மாளிகைப் புத்தகம் போடவில்லை.

இனி காயல்பட்டினத்துக்கு வருவோம். திருச்செந்தூர் சாலையில்தான் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிய காயல் துறைமுகத்தின் பெயரைச் சுமக்கும் வட்டாரம். குதிரையும் முத்தும் மாணிக்கமும் கைமாறிய கரை. இன்றைக்கும் கொழும்பு, கொல்கத்தா, ஹாங்காங், வளைகுடா என்று ஆண்கள் பரவிக் கிடக்கிறார்கள். அங்கே வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். மகன் தன் மனைவி வீட்டுக்குப் போய்விடுகிறான். ஆக, ஒரு வீட்டில் தாய், மகள், பேத்தி என்று பெண்கள் நிலைத்திருப்பார்கள். ஆண்கள் வெளியிலிருந்து வந்து சேர்வார்கள். கீழக்கரையிலும் இந்த வழக்கம் உண்டு.

அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். வீடுகள் நீண்டு கிடக்கும். ஆண்கள் புழங்கும் வாசல் தெருவில் இருக்கும். பெண்கள் போக வர முடுக்கு என்று தனிச் சந்து இருக்கும். அந்நிய ஆண் அதில் நடக்க மாட்டான். அக்காள் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் நடுவே உள் கதவு இருப்பதும் உண்டு. ஒரு தாயின் வீடு மகள்களுக்காக நீளவாக்கில் பிரிந்தும், பின்னால் வளர்ந்தும், மேலே ஒரு மாடி ஏறியும் உருவான தெரு அது. எங்கள் தொழிலில் ‘பொதுச் சுவர்’ என்று எழுதினால் சண்டைக்கு முதல் வரி எழுதியாயிற்று என்று அர்த்தம். காயலில் அந்தப் பொதுச் சுவரில் கதவு வைத்திருக்கிறார்கள்.

சட்டப்படி இது எப்படி நிற்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இஸ்லாமிய வாரிசுச் சட்டத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் ஊர் வழக்கத்தைத் தள்ளிவிட்டு அந்தச் சட்டத்தையே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அப்படியிருக்க வீடு முழுவதும் மகளுக்கு எப்படிப் போகிறது? வாரிசுரிமை வழியாகப் போகவில்லை. தகப்பனோ தாயோ உயிரோடு இருக்கும்போதே அதை ஹிபா என்ற தானமாகக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும், மகள் ஏற்க வேண்டும், சுவாதீனம் ஒப்படைக்க வேண்டும். மூன்றும் நடந்துவிட்டால் அந்த வீடு கொடுத்தவரின் சொத்தே இல்லை. அவர் இறக்கும்போது பங்கு போட அது மிஞ்சாது. உயிலால் இதைச் சாதிக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இஸ்லாமியச் சட்டத்தில் உயிலுக்கு மூன்றில் ஒரு பங்கு எல்லை உண்டு. அதோடு ஒரு வாரிசுக்கு எழுதி வைத்தால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். அதனால்தான் அவர்கள் கல்யாணப் பந்தலிலேயே விஷயத்தை முடித்துவிடுகிறார்கள்.

இந்தத் தானத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 129ஆவது பிரிவு முஸ்லிம்களின் ஹிபாவைப் பதிவு விதியிலிருந்து விலக்கியிருக்கிறது. 2011இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. வாய்வார்த்தையாகவே வீடு கைமாறிய தலைமுறைகள் உண்டு. வழக்கு இல்லாதவரை அது அழகுதான். பேத்தி வங்கியில் கடன் கேட்கப் போகும் நாளில் மூலப்பத்திரம் பாட்டியின் பாட்டி பெயரில் இருக்கும்; இடையில் ஒரு காகிதமும் இருக்காது. இப்போது எல்லாரும் தான செட்டில்மென்ட் எழுதிப் பதிந்துவிடுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் பலன் என்ன? கணவனுக்கு வீட்டில் உரிமை இல்லாததால் அவன் கடனுக்காக வீடு ஏலம் போகாது. வியாபாரம் கொழும்பில் நொடித்தாலும் மனைவியின் கூரை நிற்கும். மணமுறிவு வந்தால் வெளியேறுகிறவன் ஆண். கடலோடிச் சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. ஆண்கள் கப்பலில் போய்விட்டுப் பல மாதம், சில சமயம் பல வருடம் கழித்து வருகிறார்கள். வரும்போது வீடு இருக்க வேண்டும். அதே நேரம், இதை நான் பொற்காலமாக்கவும் மாட்டேன். மூன்று பெண்ணைப் பெற்ற ஏழைக்கு மூன்று வீடு எங்கிருந்து வரும்? அண்ணன் தம்பிகள் வெளிநாட்டில் உழைத்து அக்காள் தங்கைக்கு வீடு கட்டிவிட்டுத்தான் தங்கள் கல்யாணத்தை நினைக்கிறார்கள். பணக்காரருக்கு மாளிகையைக் காப்பாற்றிக் கொடுத்த வழக்கம் நடுத்தரக் குடும்பத்தை முதுகொடிய வைக்கிறது.

நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் இதன் சாயல் இருக்கிறது. மட்டக்களப்புக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கே வீடு கொடுக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர்கள் 1707இல் தேசவழமையைத் தொகுத்தார்கள். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி எழுதியது. அதில் முதுசம் என்ற பரம்பரைச் சொத்து ஆண் மக்களுக்கு, சீதனம் பெண் மக்களுக்கு, இருவரும் சேர்ந்து சம்பாதித்த தேடியதேட்டம் தனிக் கணக்கு. தாயின் சீதன வீடு மகளுக்குப் போய், அவள் மகளுக்குப் போகும். அதே டச்சுக்காரர்கள்தான் அப்போது தூத்துக்குடியிலும் இருந்தார்கள். அங்கே சட்டத்தைத் தொகுத்தவர்கள் இங்கே முத்தை எண்ணியதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பாகம் கேட்கும் உரிமை ஒருவருக்கும் இல்லாத வீட்டுக்கு இன்னோர் உதாரணம் அரண்மனை. நம் மாவட்டத்தில் எட்டயபுரம் இருக்கிறது. வடக்கே சேதுபதிகளின் இராமநாதபுரம், அதன் பிள்ளையான சிவகங்கை. இங்கே விதி தெளிவு: ஜமீன் பாகம் படாது, ஒருவருக்கே போகும். மற்றவர்களுக்கு ஜீவனாம்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ‘ஒருவர்’ யார் என்பதில்தான் அரண்மனைகள் எரிந்தன.

சிவகங்கை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மருது சகோதரர்களை ஒடுக்கியபோது, 1801இல், கம்பெனி கௌரி வல்லபத் தேவரை ஜமீன்தாராக்கியது. 1829இல் அவர் ஆண் வாரிசில்லாமல் இறந்தார். மனைவியர் பலர்; மகள்கள் உண்டு. ஆனால் உடன்பிறந்தவரான ஓய்யாத் தேவரின் மகன் வந்து உட்கார்ந்துவிட்டார். கூட்டுக் குடும்பத்தில் ஆண் பங்காளி இருக்கும்போது விதவைக்கு ஏது உரிமை என்பது அவர் வாதம். விதவை அங்கமுத்து நாச்சியார் வழக்குப் போட்டார். அவர் 1850இல் இறந்தார், வழக்கு இறக்கவில்லை. மகள் கட்டம நாச்சியார் தொடர்ந்தார். மதுரை, சென்னை, லண்டன். 1863 நவம்பரில் பிரிவி கவுன்சில் சொன்னது: ஜமீன் கௌரி வல்லபருக்கு அரசு தனியாகக் கொடுத்தது, ஆகவே சுயார்ஜிதம், குடும்பம் மற்ற சொத்தில் கூட்டாக இருந்தாலும் சுயார்ஜிதம் விதவைக்கும் மகளுக்கும்தான் இறங்கும், பங்காளிக்கு அல்ல. முப்பது ஆண்டுக்கு மேல் பங்காளிகள் கையில் இருந்த அரண்மனைச் சாவி மகள் கைக்கு வந்தது. முன்பு சொன்ன ஆபிரகாம் வழக்கும் இதே 1863. இரண்டும் ஒரே தீர்ப்புத் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. ஒரே வருடத்தில் இரண்டு தென்னாட்டுப் பெண்கள், ஒருவர் அரச குலம், இன்னொருவர் சாராய வியாபாரியின் மனைவி, லண்டனில் பங்காளிகளைத் தோற்கடித்தார்கள். சட்டக் கல்லூரியில் இந்த வழக்குகளை எங்களுக்குப் பிரிவு எண்ணாகச் சொல்லிக் கொடுத்தார்கள், பெண்களாகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கட்டம நாச்சியார் 1877இல் இறந்ததும் சந்ததிக்குள் மறுபடி வழக்கு. அதுவும் லண்டன் வரை போனது. இராமநாதபுரத்திலோ பிரச்சினை சுவீகாரம். ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் எடுத்த சுவீகாரம் செல்லாது, ஜமீன் அரசாங்கத்துக்கே என்று மதுரைக் கலெக்டரே வழக்காடினார். கணவன் அனுமதி இல்லாவிட்டாலும் பங்காளிகள் சம்மதித்தால் தென்னாட்டில் விதவை சுவீகாரம் எடுக்கலாம் என்று 1868இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது. அந்தச் சுவீகாரப் பிள்ளையின் மகன்தான் விவேகானந்தருக்கு ஆதரவு கொடுத்த பாஸ்கர சேதுபதி. சம்மதக் கையெழுத்துப் போட்ட பங்காளிகள் மறுத்திருந்தால் கதை எங்கே போயிருக்கும் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு.

1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிலத்தை எடுத்துக்கொண்டது, அரண்மனையை எடுக்கவில்லை. கட்டிடம் உரியவருக்கே விடப்பட்டது. இதைச் சலுகை என்று நினைத்தவர்கள் உண்டு. கிஸ்தி வசூல் நின்றபின் நூறு அறைக்கு வெள்ளையடிக்க யார் பணம் கொடுப்பது? நிலத்துக்கு வந்த இழப்பீட்டிலும் குடும்பத்தார் பலருக்குப் பங்கு உண்டு என்று அதே சட்டம் விதி வகுத்தது. பாகம் படாத சொத்து பணமாக மாறிய நிமிடத்தில் பாகப்பட்டது. நம் பக்கத்து அரண்மனைகள் பல சிதைந்து கிடப்பதைப் பார்த்து “வாரிசுகள் கவனிக்கவில்லை” என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர்கள் கையில் கிடைத்தது வருமானத்தை வெட்டி எடுத்துவிட்ட வெறும் கட்டிடம்.

பிறந்த எல்லாருக்கும் பாகம் கேட்கும் உரிமை உள்ள வீடுகளில் செட்டிநாட்டை நான் வேகமாகக் கடக்கிறேன். அதைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த வீடுகள் ஆரம்பத்திலேயே பங்காளிகளை நினைத்துக் கட்டியவை. கல்யாணமான மகனுக்கு ஓர் அறையும் தனி உலையும் கொடுத்து வேறு வைத்துவிடுவார்கள். கூடம், முற்றம், சாமி அறை பொது. நூறு பங்குதாரர் சேர்ந்தாலும் முன்னோர் படைப்புக்குக் கூடலாம். ஆனால் விற்க எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து கிடைக்காததால் சில வீடுகள் பிழைத்தன. அதே காரணத்தால் பூட்டிய வீட்டுக்குள் கரையான் ஏறி வேறு சில விழுந்தன. தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைத் தெருவுக்கு வந்தது அப்படித்தான்.

நம் ஊர் வியாபாரக் குடும்பங்களுக்கு வருகிறேன். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் வசிக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கு உண்டு, ஆனால் ஆண் வாரிசுகள் பிரிக்க நினைக்கும் வரை அவள் பாகம் கேட்க முடியாது. வரும் விருந்தாளி போல மகளை நிறுத்திய பிரிவு அது. ஆனால், மனசாட்சியோடு சொல்கிறேன், தூத்துக்குடியில் பல பெரிய வீடுகள் இரண்டு தலைமுறை தாக்குப் பிடித்ததற்கு அந்த அநியாயமும் ஒரு காரணம். தமிழ்நாடு 1989இலேயே மகளுக்குப் பிறப்புரிமைப் பங்கு கொடுத்தது, அன்றைக்கு மணமாகாதவர்களுக்கு மட்டும். 2005இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் 23ஆவது பிரிவையே நீக்கியது. 2020இல் உச்ச நீதிமன்றம் தகப்பன் 2005இல் உயிரோடு இருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. நியாயம் வந்தது. கூடவே கமிஷனரும் டேப்பும் வந்தார்கள்.

கமிஷனர் என்றால் நீதிமன்றம் அனுப்பும் வக்கீல். சர்வேயரோடு போய் வீட்டை அளப்பார். கிணறு யாருக்கு, நடைபாதை எத்தனை அடி, தெற்கு அறைக்குக் காற்று எங்கிருந்து வரும் என்று அறிக்கை எழுதுவார். ஐந்து பேருக்குச் சமமாக வெட்ட முடியாத வீடென்றால் 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்றுப் பணத்தைப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். அப்போது ஏலத்தில் முதல் ஆளாக நிற்பவர் பெரும்பாலும் அடுக்குமாடி கட்டுகிறவர்.

இதைத் தவிர்க்கப் பெரிய மனிதர்கள் முயலாமல் இல்லை. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தாகூர் என்ற செல்வந்தர், கிறிஸ்தவரான தன் ஒரே மகன் ஞானேந்திர மோகனுக்கு ஒரு பைசாவும் போகக் கூடாது என்று உயில் எழுதினார். சகோதரர் மகனான ஜதீந்திர மோகனுக்கு, பிறகு அவர் ஆண் வழிக்கு, அதன் பிறகு இன்னாருக்கு என்று பல தலைமுறைக்குப் போட்டு வைத்தார். 1872இல் பிரிவி கவுன்சில் ஜதீந்திர மோகனின் ஆயுள் வரைதான் செல்லும் என்றது. பிறக்காதவர்களுக்கு நீங்களாக ஒரு வாரிசு வரிசையை உண்டாக்க இந்துச் சட்டத்தில் இடமில்லை. அவருக்குப் பின் சொத்து, ஒதுக்கப்பட்ட மகனுக்கே. முஸ்லிம்கள் குடும்பத்துக்காக வக்ஃபு எழுதினார்கள். 1894இல் பிரிவி கவுன்சில் அதையும் செல்லாது என்றது. ஜின்னா கொண்டுவந்த மசோதாவால் 1913இல் அது மறுபடி செல்லுபடியானது. கிறிஸ்தவர் உயிலாலும் உயிரோடு இருக்கும் ஒருவரின் ஆயுளுக்கும், அடுத்தவர் வயதுக்கு வரும் காலத்துக்கும் அப்பால் சொத்தைக் கட்டிப் போட முடியாது. இறந்தவர் கையை வீட்டுச் சாவியிலிருந்து விடுவிப்பதில் எல்லாச் சட்டமும் ஓரளவு ஒன்றாகத்தான் இருக்கிறது.

கடைசியாக, இங்கே வந்திருப்பவர்களில் பழைய வீட்டில் ஒரு பங்கு வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். பங்காளி ஒருவர் கோபத்தில் தன் பிரிபடாத பங்கை வெளியாளுக்கு விற்றுவிட்டால் வீடு போய்விட்டது என்று பதறுகிறார்கள். போகவில்லை. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் அந்நியர் வந்து கூட வசிக்கச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆவது பிரிவு அனுமதிக்காது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893 சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று குடும்பத்தார் கேட்கலாம். பங்குதாரர் எவரும் கேட்கலாம், மகளும் கேட்கலாம். கேட்டால் நீதிமன்றம் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த வழக்கிலேயே கேட்க வேண்டும். பணமும் கையில் இருக்க வேண்டும். இந்தப் பிரிவு தெரியாமல், வந்தவர் சொன்ன விலைக்குத் தங்கள் பங்கையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு எங்களிடம் வருகிறார்கள். அப்போது வில்லங்கச் சான்றில் புதுப் பெயர் ஏறியிருக்கும்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.